பெயர்பெற்ற வேகனா, வீட்டுக்கு உதவும் வண்டியா? சென்னையில் வாங்குவதற்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

"மாமா, ஒரு வால்வோ பார்த்தேன். 2018 மாடல். ஒரே ஓனர். நம்ம இன்னோவா பட்ஜெட்லயே முடியுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு போன் வந்தால் அன்றைக்கு என் தோசை ஆறிப்போகும். சொந்தத்திலும் நட்பிலும் ஆறு பேருக்குக் கார் பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். அதற்கு முன்னால் நானே ஒரு பழைய ஐரோப்பியக் காரை வாங்கி நாலு வருடம் வைத்திருந்தேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதலில் போய் ஓட்டிப் பார்த்தார்கள், அப்புறம் கணக்குப் போட்டார்கள். மனசுக்குப் பிடித்த பிறகு போடுகிற கணக்கில் இரண்டும் இரண்டும் ஐந்துதான். அதனால் கீழே உள்ள வரிசையில் டெஸ்ட் டிரைவ் கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எதற்கும் எதற்கும் போட்டி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எஸ்டேட் என்றும் ஸ்டேஷன் வேகன் என்றும் சொல்லப்படும் நீளமான டிக்கி வைத்த சொகுசுக் கார்கள் நம் ஊரில் அபூர்வம். 2017-இல் வந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 2018-இல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல்-டெரைன் இரண்டும்தான் செகண்ட் ஹேண்டில் கண்ணில் படும். புதிதாக வந்தபோது ஷோரூம் விலை முதலாவதற்கு 60 லட்சம், இரண்டாவதற்கு 75 லட்சம். எதிர்ப்பக்கம் நிற்பவை புது இன்னோவா ஹைகிராஸ், கியா கேரன்ஸ், எர்டிகா போன்ற, எம்.பி.வி. எனப்படும் மூன்று வரிசை வீட்டு வண்டிகள். வேகனுக்குப் பதில் பழைய ஜெர்மன் எஸ்.யூ.வி. பார்ப்பவர்களுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும்.

1. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஐந்து மீட்டர் டேப். ஒரு நோட்டு. இப்போதைய வண்டியின் சர்வீஸ் பில்கள், அவற்றில் இருக்கும் கிலோமீட்டர் எண்கள். உங்கள் பார்க்கிங்கை முன், பின், பக்கவாட்டில் எடுத்த நாலு போட்டோ. இன்சூரன்ஸ் பாலிசியின் நகல்.

பில்கள் எதற்கென்றால், வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "இருபதாயிரம் இருக்கும்" என்று அடித்துச் சொன்ன என் நண்பருக்குப் பில்லைப் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. இந்த ஒரு எண் தப்பினால் நான்காவது படியில் போடப்போகும் கணக்கு முழுவதும் தப்பிவிடும்.

2. டிக்கியில் ஏறப்போவது எது? வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

கம்பெனி சொல்லும் லிட்டர் கணக்கு முதலில் கொஞ்சம் உதவும். வி90-க்கு 560 லிட்டர், ஆல்-டெரைனுக்கு 640. மூன்று வரிசை சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது ஹைகிராஸில் 300, எர்டிகாவில் 209. "பார்த்தீங்களா, வேகன்தான்" என்று இங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வரிசையை மடக்கினால் ஹைகிராஸில் 991 லிட்டர் கிடைக்கிறது. ஏழு பேரும் ஏழு பேருடைய பெட்டியும் ஒரே நாளில் எத்தனை தடவை போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏழு பேர் கல்யாணத்துக்குப் போவார்கள், பெட்டி இருக்காது. பெட்டியோடு ஏர்போர்ட்டுக்குப் போகும்போது நாலு பேர்தான் இருப்பார்கள்.

லிட்டரைவிட முக்கியம் நீளம், அகலம், தரையின் உயரம். மயிலாப்பூரில் என் சித்தி வீணை வாசிப்பவர். அவருடைய வீணைப் பெட்டி நாலே முக்கால் அடி, அதாவது கிட்டத்தட்ட 145 சென்டிமீட்டர். டிக்கியில் குறுக்கே போகாது; பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கி நீளவாக்கில்தான் விட வேண்டும். சித்தப்பா ஒரு பழைய பெட்ஷீட்டை 145-க்கு 45 என்று மடித்து, அதையே எடுத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனார். விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். ஆனால் ஒரு வண்டியில் நடுவரிசை தனித்தனி கேப்டன் சீட்டாக இருந்ததால் மடக்கியும் தரை சமமாக வரவில்லை, பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கும் என்பது அந்தப் பெட்ஷீட்டால்தான் தெரிந்தது. அதே மாடலை நீளமான பெஞ்ச் சீட்டோடு பார்த்தபோது பிரச்சினை இல்லை.

உங்கள் வீட்டில் அது வீல்சேராக இருக்கலாம், கொலுப்படியாக இருக்கலாம், கேட்டரிங் செய்பவர் என்றால் அண்டாவாக இருக்கலாம். மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஏறும் பொருள்களை மட்டும் அளந்து எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஏறும் பொங்கல் கரும்புக்காகக் கார் வாங்காதீர்கள். அதற்குக் குட்டியானை இருக்கிறது.

வேகனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு மார்க்கை இங்கே கொடுத்துவிட வேண்டும். அதன் டிக்கித் தரை தாழ்வாக இருக்கும். இடுப்பு வலிக்காரர் இருபது கிலோ அரிசி மூட்டையை எஸ்.யூ.வி.யில் ஏற்றுவதற்கும் வேகனில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே தடவையில் புரிந்துவிடும். எம்.பி.வி.க்களும் இதில் பரவாயில்லை.

3. நிறுத்தும் இடம்

சென்னையில் வேகனைத் தட்டிக்கழிக்கும் காரணங்களில் முதலாவது பார்க்கிங். ஆனால் எல்லோரும் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். வி90, ஆல்-டெரைன் இரண்டுமே 4.9 மீட்டரைத் தாண்டுகின்றன. ஐந்து மீட்டர் ஸ்லாட்டில் மிஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை. ஹைகிராஸ் 4.75 மீட்டர், எர்டிகா 4.4 மீட்டர் சொச்சம்.

பழைய அபார்ட்மென்டுகளில் அந்த ஐந்து மீட்டரும் காகிதத்தில்தான் இருக்கும். தூண் எங்கே வருகிறது, டிரைவர் கதவு தூணில் முட்டுமா, பின்னால் சுவர் இருந்தால் டிக்கிக் கதவு மேலே எழும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதம்பாக்கத்தில் ஒருவர் பெரிய வண்டி வாங்கிவிட்டு, ஒவ்வொரு தடவை மளிகை இறக்கவும் காரைப் பாதி வெளியே எடுத்து, டிக்கியைத் திறந்து மூடி, திரும்ப உள்ளே தள்ளுகிறார். நீளமான டிக்கிக்காகவே வாங்கிய வண்டி அது.

செய்ய வேண்டியது சுலபம். வாங்க நினைக்கும் காரின் நீள அகலத்தைச் சாக்பீஸால் உங்கள் ஸ்லாட்டில் வரைந்துவிடுங்கள். அகலம் எடுக்கும்போது கண்ணாடிகளையும் சேர்த்து எடுங்கள். கதவு திறக்கப் பக்கத்துக்கு இரண்டடி வேண்டும். இரண்டு நாள் அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்து ஸ்லாட்காரர் அதன் மேல் எவ்வளவு ஏறி நிறுத்துகிறார் என்பதும் தெரிந்துவிடும். அடுக்குப் பார்க்கிங் மெஷின் உள்ள கட்டடம் என்றால், மெஷினில் ஒட்டியிருக்கும் நீளம், உயரம், எடை வரம்பைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஐந்து வருடக் கணக்கு

ஒன்றை மட்டும் முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 60 லட்ச ரூபாய்க் கார் ஏழு வருடத்தில் 24 லட்சத்துக்கு வந்தால், விலை இறங்கியது காருக்குத்தான். அதன் ஹெட்லைட்டுக்கு இறங்கவில்லை, கியர்பாக்ஸுக்கு இறங்கவில்லை, ஒரு லிட்டர் ஆயிலுக்குக்கூட இறங்கவில்லை. நீங்கள் 24 லட்சத்துக்கு வாங்கிய காரை 60 லட்சக் கார் போலவே பராமரித்தாக வேண்டும்.

என்னுடைய காரில் இதை நேரடியாகக் கற்றுக்கொண்டேன். உஸ்மான் ரோடு நெரிசலில் ஒரு பைக்கின் ஹேண்டில்பார் பின்னால் இடித்து டெய்ல் லேம்ப் உடைந்தது. பழைய காராக இருந்தால் கண்ணாடியும் பல்பும் மாற்றி, டீ குடித்துவிட்டு வந்திருப்பேன். இது எல்.இ.டி.; மூடியும் விளக்கும் சர்க்யூட்டும் ஒரே அசெம்பிளி. எஸ்டிமேட்டில் ஐந்து இலக்கம், முதல் இலக்கம் ஆறு. பணம் கட்டிய பிறகும் பார்ட் வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் சிவப்பு கிளாஸ் பேப்பரைச் செல்லோடேப்பால் ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். கல்யாண மண்டபத்து வாசலில் வாலே பையன் சாவியை வாங்கும்போது முன்பக்கம் காட்டி நிறுத்துவேன். வாங்கிய கௌரவம் அந்த அளவில் இருந்தது.

இனி கணக்கு. இரண்டு வண்டியும் கைக்கு வர 24 லட்சம், வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டு நோட்டில் எழுதுங்கள்.

புது ஹைபிரிட் எம்.பி.வி. ஐந்து வருடம் கழித்துப் பாதி விலைக்குப் போனால் தேய்மானம் 12 லட்சம். ஊருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால், லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் பெட்ரோல் 3.1 லட்சம். சர்வீஸ் 0.8, இன்சூரன்ஸ் 2.8, டயர் 0.5. மொத்தம் 19.2 லட்சம்.

பழைய டீசல் வேகன் பன்னிரண்டு வயதில் மூன்றில் ஒரு பங்குக்குப் போனால் தேய்மானம் 16 லட்சம். லிட்டருக்கு 11 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் 4.2 லட்சம். சர்வீஸ் 3, இன்சூரன்ஸ் 3, டயர் 1.2. இதோடு பெரிய ரிப்பேருக்கென்று ஒரு 4 லட்சத்தைத் தனியாக ஒதுக்குங்கள். மொத்தம் 31.4 லட்சம்.

வித்தியாசம் 12.2 லட்சம். அறுபது மாதத்தால் வகுத்தால் மாதம் 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். முன்னால் இருக்கும் அந்தச் சின்னத்துக்கு நீங்கள் கொடுக்கும் மாத வாடகை அது. பெரிய ரிப்பேர் வராமலே போனால் வாடகை பதினாலாயிரத்துக்குக் கீழே இறங்கும். இரண்டு தடவை வந்தால் எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எண்ணெய்ச் செலவைப் பாருங்கள்: ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சம்தான் வித்தியாசம். ஆனால் எல்லா வீட்டிலும் சண்டை மைலேஜைப் பற்றித்தான் நடக்கிறது. ரிப்பேரும் ரீசேலும்தான் இந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துகின்றன.

ரீசேலில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. வேகனை விற்கும்போது விலை குறைவது பாதிப் பிரச்சினைதான்; வாங்க ஆளே வராமல் மாதக்கணக்கில் நிற்பது மீதிப் பாதி. இன்னோவாவை விற்கப் போகிறேன் என்று லிஃப்டில் சொன்னால், கீழே இறங்குவதற்குள் இரண்டு பேர் கேட்பார்கள்.

புது வண்டி எடுப்பவர்கள் லைஃப் டாக்ஸ் கோடுகளைப் பார்த்து வேரியன்ட் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இது முழு விலைக்கும் போடப்படும் வரி. 9.9 லட்ச வண்டிக்கு வரி 1,28,700, 10.1 லட்ச வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் கூடுதலான ஒரு வேரியன்ட் ஐம்பத்து மூவாயிரத்தைக் கூடுதலாக இழுத்துவிடுகிறது. 20 லட்சக் கோட்டிலும் இதே கதை: 19.9-க்கு 3,58,200, 20.1-க்கு 4,02,000. பத்து லட்சத்துக்கு மேல் போனால் டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக ஒரு சதவீதத்தை முன்கூட்டியே பிடிப்பார்கள், அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கடனில் எடுப்பவர்களுக்கு: 10 லட்சம், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதம் 20,758. செகண்ட் ஹேண்டுக்கு வட்டி இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதை 24 லட்சக் கணக்கில் சேர்க்காமல் "ரெண்டும் ஒரே விலை" என்று சொல்லக்கூடாது.

5. எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை எரிபொருளோடு பொருத்துங்கள்

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் என்றால் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். கட்டாயம் இருக்கும், அதற்கு முந்தைய ஐரோப்பிய டீசல்கள் பலவற்றிலும் உண்டு. அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். மந்தைவெளியிலிருந்து ஆழ்வார்பேட்டை, அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று ஓட்டினால் அது நடக்காது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஈ.சி.ஆரிலோ வெளிவட்டச் சாலையிலோ இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்ட முடியாதவர்களுக்குப் பழைய டீசல் வேகன் வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

பழைய பெட்ரோல் சொகுசுக் கார் என்றால் கேள்வி வேறு. இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளை இதற்கேற்ற பாகங்களோடு செய்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் மூடியின் உட்புறம் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், ஓனர் மேனுவலையும் புரட்டுங்கள்.

6. மழையும் இன்சூரன்ஸும்

வேளச்சேரி மேம்பாலத்தில் 2024 அக்டோபரில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களுக்குப் பயம் அல்ல, 2015 வெள்ளமும் 2023 வெள்ளமும் தந்த அனுபவம். உங்கள் தெருவில் அந்த இரண்டு டிசம்பரிலும் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று மாடிவீட்டுக்காரரையோ வாட்ச்மேனையோ கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

இதை ஏன் வண்டி பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்? பல ஐரோப்பியக் கார்களில் பேட்டரி, கண்ட்ரோல் யூனிட் போன்றவை டிக்கித் தரைக்கடியிலோ சீட்டுக்கடியிலோ இருக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலே, தரை விரிப்பு நனைந்ததிலேயே பெரிய பில் வந்துவிடும்.

இன்சூரன்ஸ் கொட்டேஷனைக் காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாங்குங்கள். எஞ்சினில் தண்ணீர் புகுந்த சேதத்துக்கான எஞ்சின் ப்ரொடெக்ட், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஜீரோ டெப் இரண்டையும் அந்த வயதுள்ள வண்டிக்குத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து வயது தாண்டினாலே பல நிறுவனங்கள் ஜீரோ டெப்புக்குத் தயங்கும். அது இல்லாவிட்டால், மேலே சொன்ன டெய்ல் லேம்ப் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்கு க்ளெய்மில் பாதிதான் வரும். எஞ்சின் ப்ரொடெக்ட் இருந்தாலும், தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும். அப்படியே விட்டுவிட்டு டோ வண்டியைக் கூப்பிட வேண்டும்.

க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது உங்கள் பழைய வண்டியில் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ், உங்களுக்குச் சொந்தமானது, வண்டிக்கு அல்ல. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். பழைய காரை விற்கும்போது அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

7. பழைய வண்டியைப் பரிசோதிக்கும் முறை

இதுவரை வந்தும் வேகன் இன்னும் களத்தில் இருந்தால், இப்போது போய்ப் பாருங்கள். பகலில், மழை இல்லாத நேரத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது. "வாங்க சார், ஏ.சி. போட்டு ரெடியா வெச்சிருக்கேன்" என்றால், ஆறட்டும் என்று காத்திருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்கச் சூடான எஞ்சினைவிட நல்ல வழி இல்லை.

முதலில் டிக்கி விரிப்பைத் தூக்குங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் காய்ந்த சேறு, துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அடிப்பகுதியில் மண்நிறக் கோடு தெரியும். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், பேரமே வேண்டாம்.

பிறகு டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். நாலு டயரும் நாலு விதமான பிராண்டு என்றால், ஓனர் கடைசிக் காலத்தில் செலவைத் தள்ளிப்போட்டார் என்று பொருள். டயருக்கே யோசித்தவர் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியிருப்பாரா?

இரண்டு சாவியும் இருக்க வேண்டும். சர்வீஸ் சரித்திரத்தைச் சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். விற்பவர் காட்டும் பேப்பரை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கேனர் வைத்துள்ள வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்கள் தெரு மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்த பிராண்டைத் தினமும் பிரித்துப் பார்ப்பவராக இருப்பது முக்கியம். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தைத் தண்டம் என்று நினைப்பவர்களுக்கு என் டெய்ல் லேம்ப் பில்லைக் காட்டத் தயார்.

"பார்ட்ஸ்தானே, புதுப்பேட்டையில கிடைக்கும்" என்பார்கள். எர்டிகாவுக்குக் கிடைக்கும், இன்னோவாவுக்குக் கிடைக்கும். நூற்றுக்கணக்கில்கூட ஓடாத ஒரு வேகனின் பின் கதவுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு அங்கே போகாதீர்கள். பேசி முடிப்பதற்கு முன்பே டெய்ல் லேம்ப், பின்கதவுக் கண்ணாடி, முன் சஸ்பென்ஷன் ஆர்ம் மூன்றுக்கும் விலையும், எத்தனை நாளில் வரும் என்பதையும் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பம்பர் முதல் முன்கதவு வரை சேடானோடு பொதுவாக இருக்கலாம். பின்பாதிதான் வேகனுக்கே உரியது, மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

8. இப்போது ஓட்டிப் பாருங்கள், குடும்பத்தோடு

தனியாகப் போகாதீர்கள். அம்மாவையோ மாமியாரையோ பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். தாழ்வான வேகனில் ஏறுவது எளிது, முழங்கால் வலியோடு எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம். எம்.பி.வி.யின் சீட் உயரம் பெரியவர்களுக்கு நாற்காலி மாதிரி இருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவரை அரைமணி நேரம் உட்காரவைத்துப் பாருங்கள். ஏழு சீட் என்பது எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

வழக்கமாக ஆக்டிங் டிரைவரை அழைப்பவர்கள் அவரையும் கூட்டிப்போங்கள். என் அத்தை வீட்டில் வாங்கிய வண்டியின் கியர் செலக்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னக் குச்சியாக இருந்தது. வந்த டிரைவர் அதை வைப்பர் என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, கேட் மூடியிருக்கவில்லை.

பாதையையும் நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் தெருவின் ஸ்பீட் பிரேக்கர், மெட்ரோ வேலை நடக்கும் குண்டும் குழியுமான ஒரு சாலை, ஒரு பேஸ்மென்ட் சரிவு, பிறகுதான் நல்ல ரோடு. விற்பவர் முதலில் ஈ.சி.ஆருக்குக் கூட்டிப்போவார். அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். நேர்மையாகச் சொன்னால் வேகன் அங்கே நன்றாக ஓடுவதில்லை, மயக்குகிறது. எண்பது கிலோமீட்டரில் காற்றின் சத்தம்கூட இல்லாமல், தரையோடு ஒட்டிக்கொண்டு வளைவில் திரும்பும். உயரமான எம்.பி.வி. எதுவும் அதைத் தராது. அதனால்தான் இந்தப் படி எட்டாவது இடத்தில் இருக்கிறது.

9. முடிவு

இறங்கியவுடன் நான்காவது படியின் மாத வாடகையை எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் வீட்டு வரவுசெலவில் வலிக்காமல் போகுமா? வீட்டில் இன்னொரு கார் இருக்கிறதா? இந்த வண்டி ஆறு வாரம் சர்வீஸ் சென்டரில் நின்றால் அன்றாட வாழ்க்கை ஓடுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வேகனை வாங்குங்கள், யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வீட்டு வண்டியை எடுங்கள்.

வீட்டில் ஒரே கார், அதுவும் டயாலிசிஸுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தினமும் போக வேண்டிய கார் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். என் மச்சானுக்கு அப்படித்தான் கேரன்ஸ் வாங்கச் சொன்னேன். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

10. காகித வேலை

புது வண்டியில் ஷோரூமே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஆக்சஸரீஸ் பேக்கைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பழைய வண்டியில் ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிடுங்கள். பரிவாஹன் தளத்தில் செலான் பாக்கி, கடன் பதிவு, ஓனர் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் பணத்தை நிறுத்திவையுங்கள்.

டெல்லி, பெங்களூரு வண்டி விலை குறைவாகத் தெரியும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும், இங்கே லைஃப் டாக்ஸ் மறுபடி கட்ட வேண்டும். சொகுசுக் காருக்கு அந்த வரியே லட்சக்கணக்கில் போகும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்ற கெடுபிடி இருந்ததால் அங்கிருந்து பழைய டீசல்களைத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் பேரத்தில் நினைவில் வையுங்கள்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். தேர்டு பார்ட்டிப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. பெயர் மாற்றாமல் மூன்றாம் வாரம் எங்காவது இடித்தால் முழுச் செலவும் கைப்பணம்.

சாவி வாங்கும் அன்றே பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் டோலைத் தாண்டியவுடன் போன் வந்தது: "சார், என் காசுல காஞ்சிபுரம் போறீங்களா?"